நெய்தவன் பார்வையும் விற்பவன் பார்வையும்: அல்ஹதஸ் கஸீதாவும் ஒரு மண்கோட்டையும்

அரபுக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் முதனப்பியின் அல்ஹதஸ் கஸீதா பாடமாக வரும்போது நாம் கோட்டையைப் பற்றிப் பேசுவது அரிது. உவமை எங்கே, உருவகம் எங்கே, முரண் அணி எந்த அடியில் அமைந்தது என்று மாணவர்களைக் கேட்கிறோம். மீம் எழுத்தில் முடியும் இயைபின் ஓசையைச் சுட்டுகிறோம். அரிய சொற்களுக்குப் பொருள் எழுதிப் போடுகிறோம். மணி அடித்துவிடுகிறது. கஸீதாவின் பின்னால் கல்லும் மண்ணுமாக ஓர் இடம் இருந்தது என்ற நினைவே வகுப்பில் எழுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதை நடத்திவரும் நம்மிடம் சென்ற ஆண்டுதான் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். கேள்வி எளியது. அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் கஸீதாவையே இதுவரை நாம் ஒரு பக்கமாகப் படித்து வந்திருக்கிறோம் என்பது புலனாயிற்று.

முதலில் வரலாற்றுப் பின்னணி. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், மர்அஷ் என்று அரபு நூல்கள் குறிப்பிடும் கஹ்ரமன்மராஷுக்கும் மலாத்யாவுக்கும் இடையே செல்லும் மலைக்கணவாயைக் காத்து நின்றது அல்ஹதஸ். வடக்கே பைஸாந்தியப் பேரரசு, தெற்கே முஸ்லிம் நாடுகள். கணவாய் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே மறுபுறச் சமவெளி திறக்கும். ஆகவே இந்தக் கோட்டை கட்டப்படுவதும் இடிக்கப்படுவதும் மீண்டும் கட்டப்படுவதுமாக இரு நூற்றாண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 343இல், அதாவது கி.பி. 954இல், ஹலப் நகரின் ஹம்தானிய அரசர் ஸைஃபுத் தவ்லா அதை மீண்டும் எழுப்பச் சென்றார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பைஸாந்தியத் தளபதி பர்தாஸ் ஃபோகாஸ் படையோடு வந்தார். அரசர் வென்றார். கோட்டை எழுந்தது. அந்த வெற்றியைத்தான் அரசவைக் கவிஞர் முதனப்பி பாடினார்.

மாணவரின் கேள்விக்கு உரிய விடை இதுதான்: மூன்றே ஆண்டுகளில், கி.பி. 957இல், பைஸாந்தியர் அல்ஹதஸைக் கைப்பற்றித் தகர்த்தனர். இன்று அது நின்ற இடம் இதுவே என்று ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்வதுமில்லை. அந்த வட்டாரத்தில் இன்று நின்று காணத்தக்க மலைக்கோட்டைகள் வேறு உண்டு. பைஸாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் விரிவுபடுத்திய காஸியான்தெப் கோட்டை அவற்றுள் ஒன்று. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் நிலநடுக்கத்தில் அதன் மதில்கள் சரிந்து குன்றின் அடிவாரச் சாலையில் விழுந்ததை உலகமே படங்களில் கண்டது. முதனப்பியின் சொற்கட்டிடமோ ஆயிரம் ஆண்டுகள் கடந்து திருநெல்வேலிச் சீமையின் ஒரு வகுப்பறை வரை சேதமின்றி வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடலாம். கல் அழியும், கவிதை அழியாது என்று முடிப்பது நம்மவர்க்குப் பிடித்த முடிவும்கூட. ஆனால் அழியாத அந்தக் கவிதை, அழிந்துபோன அந்தக் கோட்டையைப் பற்றி நமக்கு என்னதான் சொல்கிறது?

இங்கே இந்தக் கஸீதாவோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட ஓர் உரையாடலை நினைவூட்ட வேண்டும். முதனப்பி இதை அரங்கேற்றியபோது, அரசர் போர்க்களத்தில் நிலைகுலையாமல் நின்றதைச் சொல்லும் இரண்டு அடிகளில் ஸைஃபுத் தவ்லா ஒரு குறை கண்டார். முதல் அடியின் பிற்பாதியும் இரண்டாம் அடியின் பிற்பாதியும் இடம் மாறியிருந்தால் பொருத்தம் மிகும் என்றார். இம்ரஉல் கைஸின் இரண்டு அடிகள் மீதும் முன்னோர் இதே குறையைச் சொன்னதுண்டு என்றும் எடுத்துக்காட்டினார். அதற்கு முதனப்பி சொன்ன மறுமொழியின் சாரம் இது: துணி விற்பவர் துணியை முழுமையாக அறிவார். ஆனால் நெய்தவர் முழுமையையும் அறிவார், அதன் ஒவ்வோர் இழையையும் அறிவார். நூலாக இருந்த நாள்முதல் அது அவர் கைவழியே வந்தது அல்லவா?

இந்த மறுமொழியை மேலப்பாளையத்தில் விளக்க வேண்டிய தேவையே இல்லை. பாவும் ஊடையும் இன்னதென்று அறிந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். தறிகள் பல ஓய்ந்துவிட்டன, பல வீடுகளில் அவற்றின் இடத்தைப் பீடித்தட்டுகள் எடுத்துக்கொண்டன. ஆயினும் ஜவுளிக்கடைக்காரர் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் தறிக்காரர் தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஊரில் இன்னும் மறக்கப்படவில்லை. இந்தக் கதையைச் சொன்ன அன்று மாணவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி, உவமை இலக்கணம் சொன்ன நாள்களில் நாம் காணாதது. அரசரை விற்பவராக்கி, தம்மை நெய்தவராக்கிக்கொண்ட கவிஞரின் துணிவை அவர்கள் உடனே சுவைத்தனர்.

நாமும் நெடுங்காலம் சுவைத்தோம். இப்போது அந்த மறுமொழியையே அளவுகோலாகக் கொண்டு கஸீதாவைப் பார்க்கும்போது ஒரு நெருடல் தோன்றுகிறது. கவிதையைப் பற்றி நெய்தவரின் அறிவைக் கோரிய முதனப்பி, கோட்டையை விற்பவரின் கண்ணால்தான் பார்த்தார். மதில் அவருக்கு முழுமையாகத் தெரிகிறது. அதன் நிறம் தெரிகிறது. அதைச் சுற்றி நடந்த போர் அலைகளாகத் தெரிகிறது. உஹைதிப் மலைமீது சிதறிக் கிடந்த எதிரிகளை மணவீட்டில் தூவும் காசுகளோடு இணைக்கும் அந்தப் புகழ்பெற்ற உவமையில், மலை முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறது. ஆனால் மதிலின் இழை தெரிவதில்லை. கல் சுமந்தவர் யார், மண் குழைத்தவர் யார், எதிரி வரும் புழுதியைக் கண்டும் வேலையை நிறுத்தாத கொத்தர்கள் என்ன ஆனார்கள்? கஸீதாவில் அவர்களுக்கு இடமில்லை. கட்டியவர் அரசர், காத்தவர் அரசர், வென்றவர் அரசர். கஸீதாவுக்கு முன்னுரையாகத் திவானின் பதிப்புகளில் வரும் செய்தி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அஸ்திவாரத்தின் முதல் மண்ணை ஸைஃபுத் தவ்லா தம் கையாலேயே தோண்டினார் என்றும், சில வாரங்களில் வேலை முடிந்தபோது கடைசி மதில்முகட்டையும் அவரே தம் கையால் வைத்தார் என்றும் அது கூறுகிறது. முதல் மண்ணுக்கும் கடைசிக் கல்லுக்கும் இடையே இருந்த கைகள் ஒன்றுகூடப் பேசப்படவில்லை.

இது மத்ஹ் என்னும் புகழ்ப்பாடல் வகையின் இயல்பு, கவிஞரைக் குறைசொல்வது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். புகழ்ப்பாட்டு முதனப்பியின் தொழில். அல்ஹதஸ் விழுந்த அதே 957ஆம் ஆண்டில் அவர் ஹலபை விட்டு நீங்கி எகிப்தில் காஃபூரின் அவையை அடைந்தார் என்பதையும், அவரை முதலில் புகழ்ந்தும் பின்னர் இகழ்ந்தும் பாடினார் என்பதையும் மாணவர்கள் அறிவார்கள். தொழிலைக் குறைசொல்வது நம் நோக்கமாகாது. அந்தப் புகழ்ப்பாட்டையே வரலாறாக எடுத்துக்கொண்டு வகுப்பில் பெருமிதம் அடையும் நம் வாசிப்பைத்தான் குறைசொல்கிறோம்.

ஏனெனில் இழையறிந்த பார்வை அரபு மரபில் இல்லாமல் இல்லை. முதனப்பி பிறப்பதற்கு முன்பே, கி.பி. 892 அளவில் மறைந்த அல்பலாதுரீ, ஃபுதூஹுல் புல்தான் என்ற நூலில் இதே அல்ஹதஸைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பாஸிய கலீஃபா அல்மஹ்தீயின் ஆணையால் எட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்த ஊர் கட்டப்பட்டது. சுடாத மண்கல்லால் கட்டினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே பனியும் மழையும் மிகுந்தன. கட்டுமானம் உறுதியாக இல்லை, உரிய கவனத்தோடு செய்யப்படவும் இல்லை. சுவர்கள் வெடித்து வீடுகள் சரிந்தன. அந்தச் சமயம் பார்த்து எதிரிகளும் வந்தார்கள், காவலர் சிதறினர். பின்னர் ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. அணியேதும் இல்லாத நடை. ஒரு கட்டிட மேற்பார்வையாளரின் நாட்குறிப்புப்போல இருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதனப்பியின் கஸீதாவிலும் மழை வருகிறது. அரசர் வருமுன் வெண்மேகங்கள் அந்தக் கோட்டைக்கு நீர் வார்த்தன, அவர் வந்தபின் குருதி வார்த்தது என்னும் முரணுக்காக அது வருகிறது. அதே இடத்தில் பெய்த மழை, கவிஞருக்கு அணியாகவும் பலாதுரீக்கு விரிசலாகவும் தெரிந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரை கண்ட மழையை நினைத்துப் பார்க்கிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதன்பின் மண்சுவர் வீடுகளைப் போய்ப் பார்த்தவர்களுக்கு, பலாதுரீயின் ஒற்றை வாக்கியத்துக்குள் எத்தனை குடும்பங்களின் இரவு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

மண்கோட்டை என்றதும் மாணவர்களுக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. கோட்டை என்றால் திண்டுக்கல் மலைபோல உயர்ந்த பாறையும் அதன்மேல் கருங்கல் மதிலுமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மதுரை நாயக்கர் தொடங்கி, 1755இல் அங்கு ஃபவ்ஜ்தாராக வந்த ஹைதர் அலியின் காலத்தில் வலுப்பெற்ற அந்தக் கோட்டையைச் சிலர் கண்டுமிருந்தனர். மண்ணால் மதில் எழுப்பிப் பீரங்கியைத் தடுத்தவர்கள் நம் சீமையிலேயே இருந்தார்கள் என்று சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. எனவே ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், சுபுஹு தொழுகை முடிந்ததும் ஒரு வேனில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் புறப்பட்டோம். ஜும்ஆவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கு.

பாளையங்கோட்டையைக் கடக்கும்போது வண்டியைச் சற்று நிறுத்தச் சொன்னோம். ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. மதில்தான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மதில்கள் இடிக்கப்பட்டு, எச்சங்கள் சில மட்டும் நின்றன. அவற்றுள் ஒன்றுதான் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரார் வழங்கிய கட்டிடம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின்னர், அவர் தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தது இந்தப் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்தான். பின்னர் வண்டி தாமிரபரணியைத் தாண்டி, வல்லநாட்டு மலையை விட்டு விலகி, ஒட்டப்பிடாரத்தின் கரிசல் வெளிக்குள் சென்றது. குன்று ஏதுமில்லாத திறந்த நிலம். இங்கே ஒரு கோட்டை நின்று போரிட்டது என்றால் மதிலைத் தவிர அதற்கு வேறு துணை இருந்திருக்க முடியாது.

இப்போது அங்கே பார்வையாளரை வரவேற்பது தமிழ்நாடு அரசு 1974இல் எழுப்பிய நினைவுக்கோட்டை. உள்ளே கட்டபொம்மனின் சிலை, சுவரெங்கும் வரலாற்றுக் காட்சிகளின் ஓவியங்கள். பிள்ளைகள் பார்க்கத்தக்க இடம், மறுப்பதற்கில்லை. ஆனால் இதுவும் ஒரு மத்ஹ் கஸீதாதான் என்று நமக்குத் தோன்றியது. நாயகன் நடுவில் நிற்கிறான், மதில் அவனுக்குப் பின்திரையாக இருக்கிறது. சிமெண்டால் ஆன இந்த மதிலைப் பார்த்துவிட்டு, இங்கே முன்பு இருந்தது மண்மதில் என்பதை யாரும் ஊகிக்க முடியாது. வெளியே சற்றுத் தள்ளி, தொல்லியல் துறையின் காப்பில் பழைய கட்டிடங்களின் அடித்தளங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நம் மாணவர்களும் முதலில் திரும்பவில்லை, சிலையின் முன் நின்று செல்பேசியில் படம் எடுப்பதில் இருந்தனர். அழைத்து வந்து அந்தத் தாழ்ந்த மேடுகளின் முன் நிறுத்தியபின் ஒருவர் குனிந்து, வேலிக்கு இப்பால் இருந்த ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அது உடனே பொடிந்துவிட்டது. "இதனாலா ஹஜ்ரத்?" என்றார்.

இதனால்தான். அதற்குச் சான்று சொல்பவர் கோட்டையை இடிக்க வந்த படையின் அதிகாரி என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரை தம்மவர் துணையோடு பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறினார். ஒரு வாரத்துக்குள் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, முன்பு தரைமட்டமாக்கப்பட்டிருந்த மதில்கள் மீண்டும் எழுந்து, ஏறத்தாழ 1500 பேர் அவற்றின்மேல் காவல் நிற்பதைக் கண்டு திகைத்தது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளிவந்த தம் படைத்துறை நினைவுகளில் இதைப் பதிவு செய்தார். கோட்டையின் இரு பக்கங்கள் சுமார் 500 அடி, மற்ற இரு பக்கங்கள் சுமார் 300 அடி, முழுவதும் மண். மார்ச் 31ஆம் நாள் நடந்த தாக்குதல் பெரும் இழப்போடு பின்வாங்கியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, மே 24ஆம் நாள்தான் கோட்டை விழுந்தது. நவம்பர் 16ஆம் நாள் அதே பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். கோட்டை நின்ற இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று மக்கள் சொல்கிறார்கள்.

ஆறேழு நாள்களில் ஒரு கோட்டை எழுகிறது என்றால், ஒரு முழு வட்டாரமே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கியிருக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் இரவும் பகலும் மண் குழைத்திருக்க வேண்டும். அல்ஹதஸும் இப்படித்தான், எதிரி வந்துகொண்டிருக்கும்போதே எழுந்தது. முதனப்பி பாடாமல் விட்ட கைகள் எவை என்பது, அரபு நாட்டிலிருந்து இத்தனை தொலைவில் ஒட்டப்பிடாரத்துக் கரிசலில் நிற்கும்போதுதான் நமக்குக் கண்முன் தெரிந்தது. முன்னோரின் முடிவை அறியப் பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பணித்திருப்பதன் ஒரு பயன் இதுவாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே போரில் மாண்ட ஆங்கிலச் சிப்பாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவையும் பார்க்கப்படாமலே கிடக்கின்றன.

ஊமைத்துரையின் சிறை நம்மை மீண்டும் ஹலபுக்குக் கொண்டு செல்கிறது. ஸைஃபுத் தவ்லாவின் அவையில் முதனப்பியோடு இருந்த இன்னொரு கவிஞர், அரசரின் ஒன்றுவிட்ட சகோதரர் அபூ ஃபிராஸ் அல்ஹம்தானீ. மன்பிஜ் நகரின் ஆளுநராக இருந்தவர். கி.பி. 962இல் பைஸாந்தியரிடம் சிறைப்பட்டு, கர்ஷனா என்னும் மலைக்கோட்டையிலும் பின்னர் கான்ஸ்டான்டிநோபிளிலும் அடைக்கப்பட்டார். 966இல்தான் மீட்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய கவிதைகளையே ரூமிய்யாத் என்கிறோம். அவற்றைக் காத்து நமக்குத் தந்தவர் அவருடைய ஆசிரியரான இலக்கண அறிஞர் இப்னு காலவைஹி. நம்மைப் போன்ற இலக்கண ஆசிரியர்கள் ஓரளவு பெருமைப்பட்டுக்கொள்ள இடம் தரும் செய்தி இது. அபூ ஃபிராஸ் கோட்டை உச்சியிலிருந்து குதிரையோடு யூப்ரடீஸ் ஆற்றில் குதித்துத் தப்பினார் என்ற ஒரு கதையையும் இப்னு கல்லிகான் பதிந்திருக்கிறார். வீரக்கதைகளுக்குப் பழகிய மனம் அதைத்தான் விரும்பும். கவிதைகள் சொல்வதோ வேறு.

ரூமிய்யாத்தில் கோட்டைக்கு உருவமே இல்லை. மதிலின் உயரம் இல்லை, நிறம் இல்லை. விலங்கின் எடை இருக்கிறது. இரவின் நீளம் இருக்கிறது. அருகே வந்தமர்ந்து கூவும் ஒரு புறாவோடு பேச்சு இருக்கிறது. மன்பிஜில் மகனுக்காகக் காத்திருந்து, அவர் வருமுன்பே இறந்துபோன தாய் இருக்கிறார். அந்தத் தாய் பிறப்பால் ரோமச்சி என்பதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. தாயின் நாடு மகனைச் சிறைவைத்திருக்கிறது, தந்தையின் குலமோ மீட்புப்பணம் தரத் தயங்குகிறது. எல்லையின் இரு பக்கமும் அவர் இரத்தத்திலேயே இருந்தது. முதனப்பியின் கஸீதாவை மட்டும் படிப்பவர்களுக்கு அந்த எல்லை ஒரு நேர்கோடாகத் தெரியும், இப்பக்கம் நாம், அப்பக்கம் அவர்கள். அபூ ஃபிராஸைப் படித்தவர்களால் அப்படிக் கோடு போட முடியாது. கவித்திறத்தில் முதனப்பியே மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கோட்டை என்றால் என்ன என்பதை அறிந்தவர் அபூ ஃபிராஸ்தான்.

இந்த இடத்தில் தமிழ் மரபின் ஒரு நுட்பம் நமக்குக் கைகொடுக்கிறது. அரபு யாப்பியலார் புகழ், தற்பெருமை, இரங்கல், வசை என்று கவிதைப் பொருளைப் பகுத்தனர். கோட்டைக்கென்று தனிப்பகுப்பு அவர்களிடம் இல்லை. தமிழரிடம் உண்டு. மதிலை வளைத்து நிற்பவனுக்கு உழிஞைத் திணை. தொல்காப்பியம் மதில்காப்பவனையும் உழிஞைக்குள்ளேயே அடக்கிற்று. பின்வந்த ஐயனாரிதனாரோ தம் புறப்பொருள் வெண்பாமாலையில் அவனுக்கு நொச்சி என்று தனியே ஒரு திணையை ஒதுக்கினார். வளைப்பவனுக்கு ஒரு பூ, உள்ளே நின்று காப்பவனுக்கு வேறொரு பூ. உள்ளிருப்பவனின் நிலை தனித்துப் பாடத்தக்கது என்ற அறிவு இதில் இருக்கிறது. ஆனால் நொச்சியும் மறவனையே பாடுகிறது. மண் குழைத்தவர்களுக்கும் விலங்கு பூண்டவர்களுக்கும் அங்கேயும் பூ இல்லை. ரூமிய்யாத்தைத் தமிழில் பெயர்க்க முனைபவர்கள் அதற்கு எந்தத் திணையைச் சூட்டுவார்கள் என்பது நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் கேள்வி.

இதையெல்லாம் எழுதுவதன் காரணம் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஹலப் மட்டும் ஆகாது. நம் சமுதாய இதழ்களில் கான்சாகிபு யூசுப்கானைப் பற்றி வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் முதனப்பியின் குரல் நமக்குக் கேட்கிறது. மருதநாயகமாகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கும்பினியின் படைத்தலைவராகி, பின்னர் அதையே எதிர்த்து நின்று, உடனிருந்தவர்களாலேயே பிடித்துக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. ஓராண்டுக்கும் மேலாக மதுரைக் கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கி நின்ற அந்த மனிதரைப் பாடுவதில் பிழையேதும் இல்லை. ஆனால் 1761இல் நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் பனையூரிலும் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவரும் இவரே. அந்த ஆண்டு அவர் சூடியது உழிஞை. அவருடைய பீரங்கிகளுக்கு எதிரே நின்றவையும் மண்மதில்களே. வாசுதேவநல்லூர் மதில் மண்ணால் ஆனதாயினும் செங்கல்போல் இறுகியிருந்தது என்று அந்தக் காலத்தின் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். அதற்கு முன் 1759இல் நடந்த தாக்குதலைத் தாங்கி நின்ற மதில் அது.

நம் கட்டுரைகள் 1764ஐ விரித்து எழுதி 1761ஐ ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மறுபக்கத்தார் 1761ஐ விரித்து 1764ஐ விட்டுவிடுகிறார்கள். இருவருமே துணியை விற்பவர்கள், நல்ல பக்கத்தை மேலே மடித்துக் காட்டுகிறார்கள். அவர் முஸ்லிம் என்பதால் நமக்கு வேண்டியவர், பூலித்தேவர் முஸ்லிமல்லர் என்பதால் அவர் கோட்டை விழுந்தது நம் கணக்கில் வராது என்ற நினைப்பு, வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அந்த மடிப்புக்குள் இருக்கிறது. கும்பினி வரி கேட்டதோ ஆற்காட்டு நவாபு முஹம்மது அலியின் பெயரால் என்பதை மறந்தால்தான் அப்படி எண்ண முடியும். உழிஞையும் நொச்சியும் ஒரே மனிதர் மூன்றாண்டு இடைவெளியில் சூடிய வரலாறு யூசுப்கானுடையது. அதை முழுமையாக எழுதினால் அவர் சிறுமைப்பட மாட்டார். மதுரை மதிலுக்குள் அடைபட்ட கடைசி மாதங்களில் நெற்கட்டும்செவல் அவர் நினைவுக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கக்கூட நம் எழுத்து இதுவரை துணிந்ததில்லை. மக்கள் பாடிவந்த கான்சாகிபு சண்டைக் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். அதையாவது நம் இதழாளர்கள் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு எழுதலாம்.

ஜும்ஆவுக்குச் சரியாக வந்து சேர்ந்தோம். அடுத்த வாரம் கஸீதாவை மீண்டும் முதலிலிருந்து எடுத்தோம். இம்முறை உவமைக்கு முன்னால் பலாதுரீயின் அந்தப் பத்தியை வாசிக்கச் செய்தோம். ரூமிய்யாத்திலிருந்து இரண்டு கவிதைகளும் பாடத்திட்டத்துக்கு வெளியே சேர்த்துக்கொள்ளப்பட்டன. தேர்வில் அவற்றிலிருந்து கேள்வி வராது என்று தெரிந்தும் பாதிப் பேர் எழுதி எடுத்துக்கொண்டார்கள். ஃபுதூஹுல் புல்தானின் ஒரே பிரதிதான் நூலகத்தில் இருக்கிறது, அதுவும் கட்டு விட்டுப்போனது. மண்கட்டியை நசுக்கிப் பார்த்த மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், தறிநூலால் தைத்து, அட்டை போட்டுத் திருப்பித் தந்தார்.